லைட்-அப் முடிந்த மருந்து

குஞ்சிதபாதம் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட "எனக்குத் தெரியாது" என்று சொன்னதில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் அவரைப் பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேச அறிவு தேவையில்லை, குரல் இருந்தால் போதும். அது அவரிடம் தாராளமாக இருந்தது. அனல் மின் நிலையத்தில் பாய்லர் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர் குடியிருந்த வட்டத்தில் அவருக்கு 'ஃபுல் லோடு' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள்தான். எந்நேரமும் முழு லோடில் ஓடுகிற மனுஷன் என்று கேலியாக வைத்தார்கள். அவர் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிய குடும்பம். அப்ரென்டிஸாக உள்ளே நுழைந்து, பர்மனென்ட் ஆகி, பாய்லர் கன்ட்ரோல் ரூமில் நாற்காலி பிடித்தார். அதுவரைக்கும் அவர் பட்ட பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலி கிடைத்த பிறகுதான் கோளாறு. மழை ஏன் பெய்யவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை, டெல்லியில் என்ன நடக்கப்போகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அவர் மனைவி பிரபாவதிக்கு இது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோயிற்று. குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வருஷம் குளியலறையில் ஒரு பாம்பு வந்து சுருண்டிருந்தது. குஞ்சிதபாதம் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி விரியன்! கடிச்சா அஞ்சு நிமிஷம் தாங்காது" என்று வாசலுக்கு ஓடினார். வரிசையில் இருந்த அத்தனை வீட்டையும் காலி செய்யவைத்து, தெருவில் நின்று விஷம் எப்படி ரத்தத்தில் ஏறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிரபாவதிக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தை எடுத்தாள், தள்ளினாள், அது மந்தமாக நகர்ந்து சாக்கடை வழியே போய்விட்டது. வெறும் மண்ணுளிப் பாம்பு. வெளியே வந்து சொன்னபோது அவர் முகம் ஒரு கணம்கூட வாடவில்லை. "நான்தான் சொல்லிகினே இருந்தேனே, குட்டி போட எடம் தேடி வந்திருக்குன்னு" என்றார். அன்றிலிருந்து அவள் அவரை ஒரு புருஷனுக்குக் கொடுக்கவேண்டிய சோறு, துணி, மரியாதை எல்லாம் கொடுத்து நடத்தினாள். அவர் பேச்சுக்கு மட்டும் காது கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அந்த ஒரு ஏற்பாட்டில் குடும்பம் ஓடியது.

மகன் அறிவுச்செல்வன் அப்பாவைப்போல் இல்லை. பேசவே காசு கேட்கிற ரகம். சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். பாம்பு விஷத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதைப் புற்றுநோய் செல்கள்மேல் விட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது அவன் வேலை. உயிரோடு இருக்கிற பாம்பை அவன் அங்கே கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விஷம் பொடியாகச் சின்னக் குப்பியில் வரும், குளிர்பெட்டியில் இருக்கும். இதை அவன் வீட்டில் ஒருமுறை சொன்னான். அப்பா அதை மட்டும் மறந்துவிட்டார். வெளியே, மகன் தினமும் காலையில் விரியனின் கழுத்தைப் பிடித்து விஷம் கறப்பதாகவே பேச்சு.

இரண்டாயிரத்துப் பதினாறு தீபாவளிக்கு முன்னால் மகன் பஸ்ஸிலிருந்து போன் பண்ணினான். கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்துவிட்டதாம். ஒரே இரைச்சல்.

"அப்ப ட்ரையல் சக்சஸ்தானே?" என்று கத்தினார் குஞ்சிதபாதம்.

"முதல் ட்ரையல் நல்லா வந்துதுப்பா. செல்லுங்க செத்துடுச்சி. ஆனா இன்னும்..." அதற்குள் லைன் போய்விட்டது.

அவருக்கு அந்த 'ஆனா' தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வேறு ஊராக இருந்திருந்தால் இந்தப் பேச்சு ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும். நெய்வேலி மின்சாரம் காய்ச்சுகிற ஊர். புது யூனிட் ஒன்று வந்தால் முதலில் பாய்லரைப் பற்றவைப்பார்கள், அதற்கு லைட்-அப் என்று பெயர். அது முடிந்தால் டர்பைன் சுற்றும், அப்புறம் கிரிட்டோடு சேர்ப்பார்கள், அது சிங்க்ரனைஸ், கடைசியில் ஃபுல் லோடு. நடுவில் ட்யூப் வெடிக்கும், வால்வு ஒழுகும், நாள் தள்ளிப்போகும். ஆனால் லைட்-அப் முடிந்த யூனிட் என்றைக்காவது ஓடியே தீரும் என்பதில் இந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கும் சந்தேகம் கிடையாது. குஞ்சிதபாதம் மகனின் கட்டுரையை அந்தக் கணக்கில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"லைட்-அப் முடிஞ்சிபோச்சி. இனிமே சிங்க்ரனைஸ் பண்ணவேண்டியதுதான் பாக்கி. சித்திரைக்குள்ள மருந்து கடைக்கு வந்துரும்."

கம்பெனி பஸ்ஸில், ஷிப்ட் மாறுகிற இடத்தில், டீக்கடையில், எல்லா இடத்திலும் இதையே சொன்னார். கேட்டவர்கள் எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. அதுதான் கேடு. ஒருவருக்காவது புரியாமல் போயிருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார். வட்டத்தின் குடியிருப்போர் நலச் சங்கம் விழா எடுப்பதென்று தீர்மானித்தது. ஃப்ளெக்ஸுக்கு மாதிரி போட்டு வந்தார்கள்: நடுவில் அறிவுச்செல்வன் படம், அவன் தலைக்குமேல் படமெடுத்த நல்லபாம்பு, காலடியில் புற்றுநோய்க்கு அடையாளமாகச் செத்துக் கிடக்கிற நண்டு. அவன் வேலை செய்தது விரியன் விஷத்தில். விரியனுக்குப் படம் எடுக்கத் தெரியாது, ஃப்ளெக்ஸில் எடுபடாது என்று மாற்றிவிட்டார்கள். பிரபாவதி பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். பேசுகிறவர் பேசட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தாள். அப்படி இருந்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னையும் மன்னிக்கவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தெரிந்தது.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சைபுல்லா பாய்க்குப் பையும் சூட்கேஸும் விற்கிற கடை. பின்கட்டில் வீடு. அவர் மனைவி மஹ்பூபா அங்கே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். வட்டத்தில் பாதிப் பெண்களுக்கு அவள் தைத்தால்தான் தோள் உட்காரும். குஞ்சிதபாதம் சாயங்காலமானால் பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், உலகத்துக்குத் தீர்ப்பு சொல்வார். பாய் மரியாதைக்காரர், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொள்வார்.

வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்குப் போக ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள் பிரபாவதி. வாங்கப் போனபோது மஹ்பூபா கையைத் தூக்கி அலமாரியிலிருந்து எடுக்கையில் முகம் சுளித்தாள்.

"என்னாடி கையில?"

"கையில இல்லக்கா." மஹ்பூபா வாசல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். "மார்ல ஒரு கட்டி. மழ காலத்துலயே பாத்தாச்சி. பாண்டிச்சேரியில ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. அதுதான்னு சொல்லிட்டாங்க."

பிரபாவதி பக்கத்தில் வந்தாள். "அய்யய்யோ. எப்ப ஆபரேஷன்?"

"தேதி குடுத்தாங்க. போகல." மஹ்பூபா சிரித்தாள். பயம் விட்டுப்போனவளின் சிரிப்பு. "அண்ணன்தான் சொன்னாருல்லக்கா, அறுக்கத் தேவையில்லன்னு. தம்பி மருந்து லைட்-அப் ஆயிடுச்சி, சித்திரைக்கு வந்துரும், அதுவரிக்கும் பொறுத்துக்கோன்னு. அல்லா அண்ணன் ரூபத்துல வழி காட்டினான். எனக்குக் கத்தின்னா உசுரே போயிரும்க்கா."

ஜாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு பிரபாவதி பஸ் பிடித்தாள். வீட்டுக்கு வந்தபோது அவர் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மஹ்பூபாகிட்ட என்னா சொன்னீங்க?"

"எந்த மஹ்பூபா?"

"நாடகம் ஆடாதீங்க. ஆபரேஷன் வாணாம்னு சொன்னீங்களா இல்லியா?"

"வாணாம்னு சொல்லல. அவசரப்படாதன்னு சொன்னேன். நாளைக்கே மருந்து வந்துட்டா அறுத்துக்கினது வீணாப் போயிருமில்ல? பொம்பளங்க வெசயம்..."

"உங்களுக்கு யாரு சொன்னது மருந்து வருதுன்னு?"

"லைட்-அப் முடிஞ்சி..."

"வாய மூடுங்க" என்றாள் பிரபாவதி. அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். மகனுக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் வைத்தாள்.

அறிவுச்செல்வன் முழுக்கக் கேட்டான். பிறகு, "ம்மா, தட்டுல வளத்த செல்லும்மா அது. விஷத்த ஊத்துனா சாவும். பினாயில ஊத்தினாலும் சாவும். சாவடிக்கறது பெருசே இல்ல. மத்த உறுப்புக்கு ஒண்ணும் ஆவாம அத மட்டும் சாவடிக்கணும், அங்கதான் எல்லாரும் நிக்கறாங்க. அடுத்தது எலி. எலிக்கே நாங்க இன்னும் போகல. மனுசனுக்கு வருமா வராதான்னு யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டுரையில எழுதினவங்க வரிசையில எம்பேரு நாலாவது" என்றான்.

"அதெல்லாம் அடக்கத்துக்குச் சொல்றான்" என்றார் குஞ்சிதபாதம்.

பிரபாவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா சோறாக்கினோம் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாளே மகன் கிளம்பி வந்தான். அம்மாவும் மகனும் மந்தாரக்குப்பம் போனார்கள். எலி, தட்டு, பினாயில் எல்லாம் அவன் பொறுமையாகச் சொன்னான். "ஆன்ட்டி, இது மருந்தே இல்ல. ஆபரேஷன்தான் மருந்து. இன்னைக்கே கெளம்புங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். மஹ்பூபா அவனையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா, எவ்ளோ கண்டுபுடிச்சிட்டு எப்படி ஒண்ணுமில்லன்னு சொல்லுது தம்பி. பெரிய படிப்பு படிச்சவங்க இப்படித்தான் இருப்பாங்க." பிறகு அவனிடம், "எனக்குன்னு தனியா எடுத்து வைக்கவேணாம் தம்பி, எல்லாருக்கும் குடுக்கறப்ப எனக்கும் குடுத்தா போதும்" என்றாள்.

சைபுல்லா பாய் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் தெனம் சொல்றேன்க்கா, போயிரலாம்னு. அண்ணன் வாயால வாணாம்னு வந்த பின்னாடி நான் சொல்லி என்னா ஆவும்? அண்ணன் வந்து, நான் சொன்னது தப்பு, போயி அறுத்துக்கோன்னு ஒரு வார்த்த சொன்னா போயிருவா."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஒருத்தி உயிர் தொங்கியது. அதைச் சொல்லவேண்டிய வாய் குஞ்சிதபாதத்தின் வாய்.

வீட்டில் அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு தலைவலி என்று படுத்தார். விழா நெருங்குகிற நேரத்தில் இப்படிப் போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். சங்கத்துக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். ஒருத்தி மார்பில் கட்டி வளர்ந்துகொண்டிருக்க, இவர் ஃப்ளெக்ஸைப் பற்றிக் கவலைப்பட்டார். பிரபாவதி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போயி சொல்ற வரிக்கும் இந்த வூட்ல அடுப்பு எரியாது."

அவருக்குப் பசி தாங்காது. சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிரபாவதி பின்னாலேயே போனாள், வழியில் நழுவிவிடுவார் என்ற சந்தேகத்தில்.

பாய் கடையில் அதே ஸ்டூல். டீ வந்தது. மஹ்பூபா திரைச்சீலைக்கு அருகில் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றாள். குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமினார். நெற்றியில் வியர்வை. சொல்லப்போகிறார் என்றுதான் பிரபாவதியும் நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"அம்மா மஹ்பூபா" என்றார். "மருந்து வர்றதுல மாத்தம் இல்ல."

பிரபாவதி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஆனா ஒரு வெசயம். கட்டிய உள்ள வச்சிகினு இருக்கறவங்களுக்கு அத குடுக்கமாட்டாங்க. கழட்டிச் சுத்தம் பண்ணி ஓவரால் பண்ணாத மிஷின்ல புது பார்ட் மாட்டுவாங்களா? ட்ரிப் ஆகி நின்னுரும். மொதல்ல அறுத்து, சுத்தம் பண்ணி, டாக்டர் குடுக்கற மருந்தெல்லாம் ஒழுங்கா ஏத்திக்கினு தயாரா இருக்கறவங்களுக்குத்தான் மொத சான்ஸ். அதனால நீ நாளைக்கே போயிரு."

மஹ்பூபா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அப்ப சரிண்ணே. தயாராயிடறேன்" என்றாள். கத்திக்குப் பயந்து மாதக்கணக்கில் நடுங்கியவள், புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தருகிறேன் என்பதுபோல் சொன்னாள்.

திரும்பி வருகிற வழியில் குஞ்சிதபாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். "பாத்தியா, எப்படி பேசினேன்?" என்று வேறு கேட்டார். பிரபாவதிக்குத் துப்பவேண்டும்போல் இருந்தது, துப்பினாள், சாலை ஓரத்தில். பொய்யைப் பொய் என்று சொல்ல வக்கில்லாமல் அதன்மேல் இன்னொரு பொய்யை வைத்துக் கட்டிவிட்டு வருகிற ஆள். ஆனாலும் மஹ்பூபா போகிறாள். அதைத் தட்டிக்கெடுக்க பிரபாவதிக்குத் துணிவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆபரேஷன் நடந்தது. துணைக்குப் போனது பிரபாவதிதான். முடிந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, அக்குள் வரைக்கும் பரவிவிட்டது, அங்கேயும் எடுக்கவேண்டியதாகிவிட்டது என்று சொன்னார். "டெஸ்ட் வந்தப்பவே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்து விட்டிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" சைபுல்லா பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் புருஷன் பேசாமல் இருக்கத் தெரியாதவர் என்று டாக்டரிடம் பிரபாவதி எப்படிச் சொல்வாள்?

பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரன்ட் வைத்தார்கள். மஹ்பூபா முடி கொட்டி, வாந்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பண்ணிக்கொண்டாள். தயாராக இருக்கவேண்டுமே. மருந்து வருவதாகச் சொன்ன சித்திரை வந்து போனது; ட்யூப் வெடித்த யூனிட்போல நாள் தள்ளிப்போகிறது என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆடி மாதம் அவள் நடமாட ஆரம்பித்தாள். நடமாடியதும் அவள் செய்த முதல் காரியம், குஞ்சிதபாதத்தின் புகழைப் பரப்பியது. "அண்ணன் மட்டும் சொல்லலன்னா நான் ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டேன். அவருதான் என்னைப் பொழைக்கவச்சது." கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மஹ்பூபா ஆஸ்பத்திரிக்குப் போனதில் நின்றுபோயிருந்த விழாவை நலச் சங்கம் திரும்பக் கையில் எடுத்தது.

மகன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அப்பா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? "சயின்டிஸ்ட் பிசி" என்று சொல்லிவிட்டு, மகனுக்கு வைத்திருந்த நாற்காலியில் தாமே போய் உட்கார்ந்துகொண்டார். ஆவணி மாதம், வட்டத்துச் சங்கக் கட்டடம், சீரியல் லைட், பின்னால் நல்லபாம்பும் நண்டும். சங்கத் தலைவர் தனகோட்டி அவரை 'மனிதநேயச் செம்மல்' என்றார். குஞ்சிதபாதம் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார். சைபுல்லா பாயைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். பாய் போர்த்தினார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கப் பிரபாவதி முயன்றாள், பொன்னாடை மறைத்துவிட்டது.

முதல் வரிசையில் அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள். அவள் எழுந்துபோய்ப் பெண்கள் வரிசையில் மஹ்பூபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். மஹ்பூபாவும் தட்டினாள், இடது கையால் தொடைமேல். வலது கை தோளிலிருந்து விரல் வரைக்கும் வீங்கி மடியில் கிடந்தது. அக்குளில் எடுத்ததால் நீர் இறங்காமல் தேங்கிக்கொள்கிறதாம், இனி அப்படித்தான் இருக்குமாம். துணியைத் தள்ளிக்கொடுக்க அந்தக் கை எழும்பாது. தையல் மிஷினை மூடி மூலையில் போட்டு, மேலே பாயின் சூட்கேஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பிரபாவதியின் தைப்பூச ஜாக்கெட்தான் அவள் கடைசியாக முடித்தது.

இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று பிரபாவதி நினைத்தாள். அந்த ஆள் உன்னைப் பிழைக்கவைக்கவில்லை, உன் கையைத் தின்றது அவர் நாக்குதான் என்று, அவர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடவேண்டும். மைக்கில் அவர் குரல் ஆரம்பித்துவிட்டது. லைட்-அப் என்றார். கூட்டம் தலையாட்டியது.

மஹ்பூபா அவள் பக்கம் சாய்ந்தாள். மொட்டைத் தலையில் புதிதாக முளைத்த முடி முக்காட்டுக்குள் தெரிந்தது.

"அக்கா, அண்ணன் சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணிட்டேன். ஒண்ணுகூட விடல. மருந்து வர்றப்ப மொதல்ல எனக்குத்தானே? வந்தா கையும் சரியாயிரும்ல?"

பிரபாவதி அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது.

"ஆயிரும்டி" என்றாள்.

கூட்டத்தில் கை தட்டல் ஓயவில்லை. சொன்ன பிறகு அவளால் மேடைப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.